நான்கு அங்குல உயரத்துக்கு நான் போட்ட கையெழுத்து

சர்வீஸ் அட்வைசர் என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இந்த மாதம் வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஒரு தைரியம் சொல்லிவிடுகிறேன். நமக்கு நட்டு போல்ட்டு தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. குன்னூரில் ஓர் ஒர்க்‌ஷாப்பின் முன் மேஜையில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தேன். ஒரு ஸ்பேனரைக்கூடத் தொட்டதில்லை. என் கையில் இருந்தது பேனா மட்டும்தான்.

வண்டிக்காரர் வருவார். "ஒரு மாதிரி சத்தம் வருதுங்க" என்பார். "எந்த மாதிரிங்க?" என்று கேட்டால், அந்தச் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டுவார். அதை எழுத்தில் பிடித்து ஜாப் கார்டில் எழுதி உள்ளே அனுப்ப வேண்டும். சாயங்காலம் மெக்கானிக் சொன்னதை, வண்டிக்காரருக்குப் புரிகிற மாதிரியும் அவர் பயந்து ஓடிவிடாத மாதிரியும் திருப்பிச் சொல்ல வேண்டும். கடைசியில், வண்டி வெளியே போகலாம் என்று கையெழுத்துப் போட வேண்டும். இருப்பதிலேயே சுலபமான வேலை அதுதான். அரை வினாடி ஆகாது. அப்படி அரை வினாடியில் நான் போட்ட ஒரு கையெழுத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

நம் மலையில் ஒரு விசித்திரம் உண்டு, நீங்களே கவனிப்பீர்கள். கேத்தியில் சேற்றுக்குள் இறங்கிக் கேரட் மூட்டை ஏற்றிவரும் பிக்கப் டிரைவர் நம்மிடம் வந்தால், "பிரேக் மட்டும் நல்லாப் பாத்துருங்க அம்மணி" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். கம்பெனி கொடுத்த ஒல்லி டயர்தான் போட்டிருப்பார். குந்தா பக்கம் பவர் ஹவுஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலும் கீழும் போகும் ஜீப்புகளும் அப்படித்தான். யாருடைய வீட்டு வாசல்வரை வழவழவென்று தார் போட்டிருக்கிறதோ, அவர்தான் சேற்று டயர் கேட்டு வருவார். பாதை எவ்வளவு நன்றாக இருக்கிறதோ, டயரில் அவ்வளவு பெரிய பல் வேண்டும்.

நவீன் அப்படி வந்தவர்தான். கட்டபெட்டுக்காரர். வயது முப்பத்திரண்டு இருக்கும். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, அப்பா விட்டுப்போன தேயிலைத் தோட்டத்தையும் அம்மாவையும் பார்த்துக்கொள்ள ஊருக்கு வந்தவர். வீட்டின் ஒரு பகுதியை ஹோம்ஸ்டே ஆக்கியிருந்தார். நல்ல மனிதர். பெரிய குரலில் பேச மாட்டார். முன்னால் ஐந்து பேர் உட்காரும் கேபினும் பின்னால் சாமான் போடும் தொட்டியும் உள்ள புது பிக்கப் வாங்கியிருந்தார். வாங்கிய நாளிலிருந்து அதில் ஒரு குறை அவர் கண்ணை உறுத்தியது. அது மற்ற வண்டிகள் அளவே உயரமாக இருந்தது.

"நாலு இன்ச் லிஃப்ட் போடணும் மேடம். முப்பத்திமூணு இன்ச் மட் டயர். வீல் கறுப்புல" என்று சொல்லி, போனில் ஒரு வீடியோ காட்டினார். ஒரு பிக்கப் பாலைவனத்தில் மணல் மேட்டைத் தாண்டிப் பறந்துகொண்டிருந்தது.

"எதுக்குங்க இது?" என்று கேட்டேன்.

"ரோடு பிரசன்ஸ் மேடம்."

சாலையில் நாம் இருப்பது மற்றவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். குன்னூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு தடவை வண்டியை நிறுத்திவிட்டால் போதுமே, ஊரே ஹாரன் அடித்துத் தெரிவித்துவிடுமே என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

"உங்க ஊட்டுக்குப் போற பாதை எப்படிங்க?"

"தார் ரோடு மேடம். கேட் வரைக்கும்."

"கேட்டுக்கு உள்ள?"

"இன்டர்லாக் கல்லு."

இந்த இடத்தில் நான் இன்னும் மூன்று கேள்வி கேட்டிருக்க வேண்டும். இந்த வண்டியில் யார் யார் ஏறுவார்கள்? எந்த வளைவில் திரும்பும்? கொடுத்த பிரேக் இந்த டயரை நிறுத்துமா? நான் கேட்ட ஒரே கேள்வி, "வீல் பளபளக் கறுப்பா, மங்கல் கறுப்பா?" ஏனென்றால் மேனேஜர் அறையில் ஒரு பலகை இருந்தது. கூடுதல் பொருட்கள் யார் எவ்வளவு விற்றார்கள் என்று அதில் நட்சத்திரம் ஒட்டுவார்கள். ஸ்டெல்லா என்ற என் பெயருக்கு நேராக அந்த மாதம் ஒரு நட்சத்திரமும் இல்லை. ஐம்பத்தைந்து வயதில், பேரன் எடுக்க வேண்டிய பெண், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நட்சத்திரத்துக்கு ஏங்கினேன். சிரிக்காதீர்கள், உங்களுக்கும் பலகை வைத்திருப்பார்கள்.

ஆர்.சி.யில் இருக்கும் அளவை மீறி டயர் போடுவதும் வண்டியை இஷ்டத்துக்கு உயர்த்துவதும் சட்டப்படி செல்லாது என்று எனக்குத் தெரியும். மேனேஜருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதற்காகவே அவர் மேஜையில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் வைத்திருந்தார். 'உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில்' என்று ஊதா மையில் விழும். அதைக் குத்திவிட்டால் எந்தப் பாவமும் நம்மை அண்டாது என்பது அவர் நம்பிக்கை. என் அனுபவத்தில் அந்த ஸ்டாம்ப் எந்த வளைவிலும் பிரேக் பிடித்ததில்லை.

சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்தது. வண்டியைக் கழற்றி மாட்டும் எங்கள் பிட்டர் துணியில் கை துடைத்துக்கொண்டே என் மேஜைக்கு வந்தான். என்னைவிட இருபது வயது இளையவன். அதிகம் பேச மாட்டான். பேசினால் கேட்டுக்கொள்ள வேண்டியதாக இருக்கும். இவ்வளவு வருடத்தில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ஒரே ஆள் அவன்தான். அவன் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

"அக்கா, ஒரு சங்கதி. வண்டி மேல போயிருச்சு, முன் வீலுக்குப் போற பிரேக் ஹோஸ் பழைய நீளத்துலயே நிக்குது. இழுத்துக் கட்டின மாதிரி இருக்குதுங்க. வீலை முழுசா ஒடிச்சுத் திருப்பினா டயர் வேற அதும்மேல உரசுது."

பிரேக் ஆயிலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ரப்பர் குழாயைத்தான் ஹோஸ் என்கிறோம். அது போனால் அந்தச் சக்கரத்தில் பிரேக் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

"நீள ஹோஸ் மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்?"

"மாட்ட அரை மணி நேரம். கோயமுத்தூர்ல இருந்து வர ரெண்டு நாளு."

மேனேஜர் கேட்டுக்கொண்டே வந்தார். "நாளைக்கு ஊட்டியில இவங்க பிக்கப் மீட் இருக்கு. அத்தனை வண்டிக்காரங்களும் வருவாங்க. கதவுல நம்ம ஸ்டிக்கர் ஒட்டியாச்சு. இன்னிக்கு வண்டி வெளிய போகணும் ஸ்டெல்லா. ஹோஸ் வந்ததும் கூப்பிட்டு மாட்டிக் குடுத்துரலாம்."

பிட்டர் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். "நீங்க என்ன சொல்றீங்க அக்கா?"

கையெழுத்து என்னுடையது என்பது அவனுக்குத் தெரியும். நான் குனிந்து, 'குறிப்பு' என்ற கட்டத்தில் பொடி எழுத்தில், 'ஹோஸ் பின்னர் மாற்ற வேண்டும்' என்று எழுதினேன். ஜாப் கார்டில் அந்தக் கட்டம் எதற்கு இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? நம் மனசாட்சி உட்கார்ந்து ஓய்வெடுக்கத்தான். பிறகு கையெழுத்துப் போட்டேன்.

நவீன் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கோயில் யானையைப் பார்க்கும் குழந்தை மாதிரி முகம். நான் சாவியைக் கொடுத்துவிட்டுச் சொன்னேன்: "ஹோஸ் ஒண்ணு மாத்த வேண்டியிருக்குதுங்க. வந்ததும் கூப்பிடறேன்."

"ஓகே மேடம்."

கவனித்தீர்களா? 'ஹோஸ்' என்றுதான் சொன்னேன். 'பிரேக்' என்ற ஒரு வார்த்தையை விட்டுவிட்டேன். தவறுதலாக விடவில்லை. சொன்னால் அவர் முகம் மாறும், மீட்டுக்குப் போக மாட்டார், மேனேஜர் கத்துவார். ஒரு வார்த்தையை விழுங்கினால் மூன்று பேருக்கும் சந்தோஷம் என்று கணக்குப் போட்டேன்.

புதன்கிழமை ஹோஸ் வந்துவிட்டது. நான் நவீனை இரண்டு தடவை கூப்பிட்டேன். ஹோம்ஸ்டேயில் ஆள் நிறைய, அடுத்த வாரம் வருகிறேன் என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். கார் கழுவக் கூப்பிட்டாலும் மனிதர்கள் இப்படித்தான் பதில் சொல்வார்கள். நான் கம்ப்யூட்டரில் 'தெரிவிக்கப்பட்டது' என்று இரண்டு தடவை அழுத்திவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

அந்த இரண்டு மாதம் வண்டி என்ன பாடுபடுத்தியது என்பது எங்கள் ஒர்க்‌ஷாப்பில் தினசரிச் சிரிப்பு. முதல் நாளே அது அவர் வீட்டுப் போர்டிகோவுக்குள் நுழையவில்லை. மேலே உத்தரம் இடித்தது. அதனால் புது வண்டி மழையில் நின்றது. அம்மாவின் பழைய ஸ்கூட்டர் போர்டிகோவில் ராஜா மாதிரி நின்றது. பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் ஓடுவதால் ஸ்பீடாமீட்டர் நாற்பது காட்டும்போது வண்டி அதற்கு மேலே போய்க்கொண்டிருக்கும். முன்பு ஒரே மூச்சில் திரும்பிய கொண்டை ஊசி வளைவில் இப்போது பாதியில் நின்று, ரிவர்ஸ் எடுத்து, மறுபடி திரும்ப வேண்டும். பின்னால் வரும் பஸ் டிரைவர் என்ன சொல்வார் என்பதை எழுத முடியாது. வீலை ஒடிக்கும்போது உள்ளே 'கர்ர்' என்று ஓர் உரசல் கேட்கும். "ஆஃப்ரோடு சவுண்ட்" என்று நவீன் தன் விருந்தாளிகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். ஒரு நாள் தேயிலைக்குள்ளிருந்து ஒரு காட்டெருமை ரோட்டுக்கு வந்து, வண்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அசையாமல் முக்கால் மணி நேரம் நின்றதாம். ரோடு பிரசன்ஸ் அதற்குத்தான் அதிகம்.

அவருடைய அம்மா சரோஜாம்மா ஒரு நாள் எனக்கே போன் செய்தார். "ஏனுங்க மேடம், அந்த வண்டியைக் கொஞ்சம் எறக்கித் தர முடியுங்களா? கோயலுக்குப் போறதுன்னா கையில பிளாஸ்டிக் ஸ்டூலோட போறனுங்க. ஏற ஒருக்கா, எறங்க ஒருக்கா. எல்லாரும் என்னைய ஸ்டூல் விக்க வந்தவன்னு நெனச்சுக்கறாங்க."

நான் சிரித்தேன். மேனேஜரிடம் சொன்னேன், அவரும் சிரித்தார். பிட்டர் மட்டும், "அந்த ஹோஸ் மாத்தியாச்சுங்களாக்கா?" என்று கேட்டான். "கூப்பிட்டிருக்கேன்" என்றேன்.

இனி சொல்வதில் பாதியை நவீனும் மற்றவர்களும் பிறகு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலை, நவீன் வீட்டுக்குக் கீழே இருக்கும் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், சுகந்தி என்ற பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டது. கொழுந்து பறிக்கும் பெண், தலைப்பிரசவம், நாளுக்கு இரண்டு வாரம் முன்னதாகவே வலி. கணவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். வீட்டில் மாமியார் ராசம்மா மட்டும். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள், கோத்தகிரிப் பாதையில் மரம் விழுந்து அது அந்தப் பக்கமே நின்றுவிட்டது. குன்னூர்ப் பாதைதான் திறந்திருந்தது. அப்போது லயத்தில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒரே யோசனை வந்தது: பெரிய டயர் வண்டி!

பாருங்கள், இரண்டு மாதமாக ஊரே சிரித்த வண்டியை அன்றைக்கு ஊரே நம்பியது. நவீனும் ஒரு நொடி யோசிக்கவில்லை. வண்டியை லயத்து வாசல்வரை இறக்கினார். அந்தச் சேற்றில் அது நன்றாகவே இறங்கியது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் ஏற முடியவில்லை. வலியில் சுருண்ட பெண் எப்படி இடுப்பு உயரத்துக்குக் கால் தூக்குவாள்? சரோஜாம்மா ஸ்டூலோடு ஓடி வந்தார். நாலு பெண்கள் குடையைப் போட்டுவிட்டு சுகந்தியைத் தூக்கி ஸ்டூலில் நிறுத்தி, அங்கிருந்து சீட்டில் தள்ளினார்கள்.

ராசம்மா படியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். இலங்கைத் தோட்டத்தில் பிறந்து சின்ன வயதில் இங்கே வந்தவர். பேச்சில் அந்த மண் இன்னும் இருக்கிறது. "ஐயோ தம்பி, எனக்கு ஏற ஏலாது. புள்ளைய மட்டும் கொண்டு போங்க" என்று அழுதாராம். அவரையும் தள்ளி ஏற்றினார்கள்.

ஒர்க்‌ஷாப்பில் நான் அப்போது, வைப்பர் 'கீச் கீச்' என்கிறது என்று சொன்ன ஒருவருக்கு ஜாப் கார்டு எழுதிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"மேடம், நவீன் பேசறேன். பிரேக் பெடல் உள்ள போகுது."

"எங்கீங்க இருக்கீங்க?"

"கொண்டை ஊசி ரெண்டாவது வளைவு. ரெண்டு தடவை ரிவர்ஸ் எடுத்துத் திரும்பினேன், அதுக்கப்புறம் பெடல் போயிருச்சு. ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தியிருக்கேன். பின்னாடி ஒரு பொண்ணு டெலிவரி பெயின்ல இருக்கு. மிதிச்சுக்கிட்டே இருந்தா கொஞ்சம் புடிக்குது. குன்னூருக்கு ஆறு கிலோமீட்டர்தான். மெதுவா வந்துரட்டுமா?"

போனில் மழைச் சத்தம். அதற்குள்ளே ஒரு பெண்ணின் அலறல்.

என் மனதில் அப்போது முதலில் வந்தது என்ன என்று சொல்கிறேன். உங்களுக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது? 'வந்துவிடட்டும்' என்றுதான் தோன்றியது. அந்தப் பெண் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்துவிடுவாள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருந்தது. வண்டி இங்கே வந்துவிட்டால் சத்தமில்லாமல் ஹோஸை மாட்டிவிடலாம். அங்கேயே நின்றால், எங்கள் ஸ்டிக்கர் ஒட்டிய கதவோடு ரோட்டில் நிற்கும். எல்லாரும் பார்ப்பார்கள். ஒரு பெண் அலறுவதைக் கேட்டுக்கொண்டே என் மூளை ஸ்டிக்கரைப் பற்றி நினைத்தது. எத்தனை வருடம் மேஜையில் உட்கார்ந்தால் ஒருத்திக்கு இந்த மூளை வரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வைப்பர்காரரை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். பிட்டர் ஒரு காரின் அடியில் இருந்தான். காலைப் பிடித்து உலுக்கி, போனை அவன் காதில் வைத்தேன்.

"முன் டயருக்கு உள்பக்கம் பாருங்க" என்றான் அவன். "ஈரமா இருக்குதா?"

"எல்லாமே ஈரமாத்தான் இருக்கு, மழை பெய்யுது!"

"தொட்டுப் பாருங்க. வழவழன்னு இருக்குதா?"

கொஞ்ச நேரம் மழை மட்டும் கேட்டது. பிறகு, "ஆமா" என்றது நவீன் குரல்.

பிட்டர் போனை என்னிடம் நீட்டினான். 'சொன்னேனே' என்று அவன் சொல்லவில்லை. "பாதி பிரேக்தான் இருக்கும். எறக்கத்துல அதும் எப்ப போகும்னு தெரியாது. நீங்க சொல்லுங்கக்கா" என்றான். அந்தச் சனிக்கிழமை கேட்ட அதே கேள்வி.

"நவீன், வண்டியை ஓரடிகூட நகத்தாதீங்க. ரிவர்ஸ் கியர்ல போட்டு ஆஃப் பண்ணுங்க. பெரிய கல்லா ரெண்டு எடுத்து முன் டயருக்கு அண்டக் குடுங்க. எந்த வண்டி வந்தாலும் கையைக் காட்டி நிறுத்தி அவங்களை அதுல ஏத்திவிடுங்க."

"எந்த வண்டியும் வரலன்னா? மேடம், வலி நிக்கவே மாட்டேங்குது. கொழந்தை இங்கேயே பொறந்துட்டா?"

"பொறந்தா ரோட்டுல பொறக்கட்டும். பள்ளத்துல பொறக்க வேண்டாம்."

எப்படி அந்த வார்த்தை என் வாயில் வந்தது என்று தெரியவில்லை. நான் விழுங்கி வைத்திருந்ததை அப்போது கக்கினேன். "அன்னிக்கு ஹோஸ் மாத்தணும்னு சொன்னனே, அது பிரேக் ஹோஸ்ங்க."

"நீங்க பிரேக்னு சொல்லவே இல்லையே மேடம்."

"சொல்லலைங்க."

போனை வைத்துவிட்டார்.

ஒர்க்‌ஷாப்பின் பழைய ஜீப்பில், வந்து கிடந்த புது ஹோஸையும் எடுத்துக்கொண்டு நானும் பிட்டரும் கிளம்பினோம். மேனேஜர் ஓடி வந்து, "எழுத்துல ஒண்ணும் குடுத்துராதீங்க" என்று கத்தியது காதில் விழுந்தது. வாழ்நாளில் நான் அவ்வளவு ஜெபம் சொன்னதில்லை. ஒவ்வொரு வளைவிலும், எதிரே ஒரு வண்டி வரட்டும் என்று வேண்டினேன். மூன்றாவது கிலோமீட்டரில் வந்தது. ஹெட்லைட் எரிய, ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு, கேரட் மூட்டை ஏற்றிய ஒரு சாதாரணப் பிக்கப். பிட்டர் ஜீப்பை ஓரத்தில் ஒதுக்கினான். அது எங்களைக் கடக்கும்போது கேபினுக்குள் ஒரு வயதான பெண், இன்னொருத்தியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தது ஒரு கணம் தெரிந்தது.

கேத்திக்காரரான மணி என்பவரின் வண்டி அது. மேட்டுப்பாளையம் மார்க்கெட்டுக்குப் போக வேண்டியவர், கட்டபெட்டில் லோடு முடித்து, கோத்தகிரி வழி அடைத்ததால் குன்னூரைச் சுற்றி வந்திருக்கிறார். வளைவில் அந்தப் பிரம்மாண்ட வண்டி இரண்டு கல்லை அணைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து முதலில் சிரித்துவிட்டாராம். உள்ளே பார்த்ததும் சிரிப்பு நின்றது. சுகந்தி அவர் வண்டியில் தானாகவே கால் வைத்து ஏறினாள். அதன் டயர் ஒல்லி, பெயின்ட் போய்விட்டது, ஒரு கண்ணாடிக்குப் பதிலாகச் சாக்கு. பிரேக் மட்டும் மாதா மாதம் பார்த்தது.

நாங்கள் போனபோது நவீன் ரோட்டோரச் சுவரில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பிட்டர் சக்கரத்தைக் கழற்றினான். ஹோஸ் ஒரு பக்கம் தேய்ந்து, நடுவில் வெடித்திருந்தது. விரலை வைத்து அழுத்தினால் வாய் திறந்தது. மூன்று பேரும் அதையே பார்த்தோம்.

"நான் ஓட்டினதுல தப்பா மேடம்?" என்று நவீன் கேட்டார்.

ஆமாம் என்று சொல்ல எவ்வளவோ இருந்தது. யார் சேற்று டயர் கேட்டது? யார் இரண்டு தடவை கூப்பிட்டும் வரவில்லை? ஸ்டாம்ப் வேறு இருக்கிறது. "இல்லீங்க" என்றேன். "மாட்டாம அனுப்பினது எங்க தப்பு. பிரேக்னு சொல்லாதது என் தப்பு."

அவர் கோபப்பட்டுத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "பின்னாடி அந்தப் பொண்ணு கத்தறப்ப நான் வந்துரலாம்னுதான் இருந்தேன் மேடம்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். பிட்டர் புது ஹோஸை மாட்டிக்கொண்டிருந்தபோது மணி போன் செய்தார். ஆஸ்பத்திரி போய் முக்கால் மணி நேரத்தில் பெண் குழந்தை, இரண்டு பேரும் நலம் என்றார். நவீன் அப்போதுதான் அழுதார்.

அடுத்து வந்தது அறிக்கை. நீங்களும் ஒரு நாள் எழுதுவீர்கள், அதனால் சொல்கிறேன். 'நீளமான பிரேக் ஹோஸ் மாட்டாமல் வண்டி அனுப்பப்பட்டது, உரசி வெடித்தது, கையெழுத்து என்னுடையது' என்று மூன்று வரி எழுதினேன். மேனேஜர் அதைத் திருத்தித் தந்தார். 'வெடித்தது' என்பது 'தேய்மானம் காணப்பட்டது' ஆனது. மறுநாள் அதுவும் போய், 'பிரேக் அமைப்பில் ஈரப்பதம் உணரப்பட்டது' என்று ஆனது. மூன்றாம் திருத்தத்தில் பிரேக்கே காணாமல் போய், 'மழைக்காலத்தில் வாடிக்கையாளருக்கு வழியில் உதவி அளிக்கப்பட்டது' என்று பாராட்டுப் பத்திரமாக வந்து நின்றது. இன்னொரு திருத்தம் போயிருந்தால், பிரசவம் பார்த்ததே நாங்கள்தான் என்று முடிந்திருக்கும்.

என் மூன்று வரியைத் தலைமை அலுவலகத்துக்கு நானே அனுப்பினேன். பதில் வரப் பத்து நாள் ஆனது. அவர்கள் விஷயத்தை மிகத் தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள். 'சொந்தப் பொறுப்பில்' ஸ்டாம்பை இன்னும் பெரிய அளவில் செய்து எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பினார்கள். என்னை முன் மேஜையிலிருந்து எடுத்து, பின்னறையில் போனோடு உட்கார வைத்தார்கள். வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு, "எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தியா?" என்று கேட்கும் வேலை. ஓய்வு பெறும்வரை அதைத்தான் கேட்டேன். பிட்டர் சொந்தமாக ஒரு ஷெட் போட்டுவிட்டான். மேனேஜருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. நல்லது செய்தால் நல்லது நடக்கும் என்று சொல்ல நான் வரவில்லை. உங்களுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் சொல்கிறேன்.

நவீன் வண்டியைப் பழைய உயரத்துக்கே இறக்கிக்கொண்டார். உயர்த்துவதற்குப் போட்டுக் கழற்றிய சாமான்களை யாருக்கும் விற்கவில்லை. வாங்கக் கேட்டு வந்தவரிடம், "உங்க ஊட்ல யாரு யாரு இருக்காங்க?" என்று விசாரித்தாராம். அவர் பயந்து போய்விட்டாராம்.

வாடிக்கையாளர் கேட்பதைக் கொடுப்பது நம் வேலை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பெரிய டயர் கேட்பார்கள், உயரம் கேட்பார்கள், நாளைக்கு இறக்கை கேட்பார்கள். முடியாது என்று சொல்ல உங்களுக்குத் தைரியம் வராமல் போகலாம். எனக்கு வரவில்லை. ஆனால் எந்த வார்த்தையைச் சொல்லக் கூசுகிறதோ, அந்த வார்த்தையையாவது முழுசாகச் சொல்லிவிடுங்கள். அதைச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் தாங்களே முடியாது என்று சொல்லிவிடுவார்கள்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்ததும் பஸ் பிடித்துக் கட்டபெட்டு போனேன். லயத்தைக் கண்டுபிடித்து, குழந்தைக்கு வாங்கிய கம்பளிச் சட்டையோடு வாசலில் நின்றேன். சுகந்தி உள்ளே படுத்திருந்தாள். ராசம்மா முக்காலியைத் துடைத்துப் போட்டு, டீ வைத்தார். குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு, நீங்க யாருங்க என்று கேட்டார்.

வழியெல்லாம் இதற்கு ஒரு பதில் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். அதை அப்படியே விட்டுவிட்டேன்.

"அன்னிக்கு பிரேக் போன வண்டி இருக்குதுல்லங்க. அதை வெளிய அனுப்பறதுக்குக் கையெழுத்துப் போட்டவ நான்தான்" என்றேன்.

ராசம்மா என் புடவையையும் கைக்கடிகாரத்தையும் மரியாதையோடு பார்த்தார்.

"கையெழுத்துப் போடுவீங்களா? அப்ப நல்லாப் படிச்சவங்க" என்றார். பிறகு குழந்தையின் பக்கம் குனிந்து, "பாத்தியா? நீயும் இவங்க மாதிரி வரணும்" என்றார்.